பணி நிறைவும் பிள்ளைகளிடம் விடைபெறுதலும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டாரால் கைவிடப்பட்டும் வழக்குகளில் சிக்கியும் தடுமாறி நிற்கும் இளையோருடன் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெறுவோர் சிலரும், அவர்களைச் சார்ந்தோர் சிலரும் எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். எழுதியோரின் பெயரும், அவர்கள் குறிப்பிடும் பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன். இன்னும் நான்கு மாதங்களில் பணி ஓய்வு. பிள்ளைகளிடம் கடைசி வாரத்தில் சொன்னால் போதும், முன்னதாகச் சொன்னால் இல்லமே கலவரப்படும் என்று சக ஊழியர்கள் கருதுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குறிப்பாக 16 வயதுப் பையன் ஒருவன், என் அறைக்கு வரும்போதெல்லாம் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்காருவான். சென்ற மாதம்தான் முதன்முறையாக அதை மேசைப் பக்கம் திருப்பினான். வாய் திறந்து பேசவும் தொடங்கினான். அவனிடம் எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் சக ஊழியர்களின் கவலை நியாயமானதே. ஆனால் அவர்கள் சொல்லும் வழி பெரியவர்களின் வசதிக்கானது. பிள்ளைகளுக்கு அது உதவாது. இந்தப் பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே பல பிரிவுகளைக் கண்டவர்கள், ஆனால் எவரும் அவர்களிடம் முறையாக விடைபெற்றதில்லை. வேலைக்குப் போன தந்தை திரும்பவில்லை. தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர்கள் அதன்பின் எதுவும் சொல்லவில்லை. ஓர் இல்லத்திலிருந்து இன்னோர் இல்லத்துக்கு மாற்றும் ஆணை காலையில் வந்தது, மாலையில் பையோடு வண்டி ஏறியாயிற்று. கடைசி வாரத்தில் அறிவித்துவிட்டுப் போகும் ஆற்றுப்படுத்துநரும் அந்த வரிசையில் இன்னொருவராகச் சேர்ந்துகொள்வார். அதற்கு முன் அவர் செய்த நல்ல வேலையைக்கூட அந்தப் பிள்ளை அதன்பின் சந்தேகத்தோடுதான் நினைத்துப் பார்க்கும்.

ஆகவே இப்போதே சொல்லிவிடுங்கள். முதலில் நிர்வாகத்திடம் பேசி, உங்கள் இடத்துக்கு வரப்போகிறவர் யார் என்பதை இயன்றவரை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு, செய்தி வராந்தாவில் கசிவதற்குள், உங்களிடம் தனியாக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே, தேதியோடு சொல்லுங்கள். கூட்டத்தில் அறிவிப்பது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பையனிடம் கூடுதல் கவனம் தேவை. அவன் பேசத் தொடங்கியது சென்ற மாதம், நீங்கள் போகப்போவதாகச் சொல்வது இந்த மாதம். இரண்டையும் அவன் முடிச்சுப் போடுவான். தான் சொன்னதைக் கேட்டதால்தான் இவர் விலகுகிறார் என்ற எண்ணம் அவனுக்குள் ஓடும். அதை அவன் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டான். அவன் கேட்கும்வரை காத்திருக்காமல், ஓய்வுபெறும் நாள் உங்கள் பிறந்த தேதியைக் கொண்டு பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவானது என்பதை நாட்காட்டியைக் காட்டியே விளக்குங்கள். அவன் சொன்ன எதுவும் அந்தத் தேதியை ஒரு நாள்கூட முன்னோ பின்னோ நகர்த்தவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அதன்பின் அவன் நாற்காலியை மீண்டும் கதவுப் பக்கம் திருப்பக்கூடும். சண்டைக்கு நிற்கலாம், திருடலாம், சந்திப்புகளுக்கு வராமல் இருக்கலாம். பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளைக் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பவுல்பியும் 1952-லேயே இந்த வரிசையை எழுதியிருக்கிறார்கள்: முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கை இழப்பு, பிறகு ஒட்டாமல் விலகிக்கொள்வது. சின்னஞ்சிறு குழந்தைகளைப் பற்றி எழுதப்பட்டதுதான் என்றாலும், பதின்வயதினரிடமும் இதன் சாயலை உங்களைப் போன்றவர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். இதில் நிம்மதியோடு நோக்க வேண்டியது எதிர்ப்பைத்தான். கவலைப்பட வேண்டியது, செய்தியைக் கேட்டதும் 'சரி சார்' என்று சிரித்துவிட்டு எழுந்து போகும் பையனைப் பற்றி. போர்க்காலத்தில் வீடு விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் விடுதிகளில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் டொனால்ட் வினிகாட், 1956-இல், இத்தகைய முரட்டுச் செயலில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டார். இழந்தது திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கும் பிள்ளைதான் கதவை உதைக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். கலவரம் வரும் என்று அஞ்சும் உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

நான்கு மாதங்களையும் ஒரே வேகத்தில் நடத்தாதீர்கள். முதல் இரண்டு மாதங்களில் அவன் பேச விரும்புவதைப் பேசட்டும். மூன்றாவது மாதத்திலிருந்து, புதிதாக எந்தப் பழைய காயத்தையும் நீங்களாகக் கிளறாதீர்கள். திறந்துவிட்ட காயத்தோடு அவனை அடுத்தவரிடம் ஒப்படைப்பது சரியல்ல. அந்தக் கட்டத்தில் புதியவரையும் உடன் அமர்த்திச் சில சந்திப்புகள் நடத்துங்கள். இதுவரை அவன் சொன்னவற்றில் எதைப் புதியவருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவனையே கேளுங்கள். பாதுகாப்பு கருதிக் கட்டாயம் தெரிவித்தாக வேண்டியவை இருந்தால், அவற்றை மறைக்காமல், 'இதை நான் சொல்லியே ஆக வேண்டும்' என்று அவன் முன்பாகவே சொல்லுங்கள். தன் கதை யார் கைக்குப் போகிறது என்பதில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்பதை அந்தப் பையன் அநேகமாக முதன்முறையாக அப்போதுதான் அறிவான்.

கடைசிச் சந்திப்பின் நாளையும் நேரத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள். பிரிவு உபசார விழா என்று நிர்வாகம் அந்த நேரத்தைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். (பொன்னாடையும் பேச்சுகளும் சக ஊழியர்களுக்கானவை, அவற்றை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.) அவன் வராமல் போகலாம். வராவிட்டாலும் அந்த நேரம் முழுவதும் அறையில் இருங்கள். நீங்கள் காத்திருந்தது அவனுக்கு எப்படியும் தெரிந்துவிடும். அவனைப் பற்றி நீங்கள் நேரில் கண்டறிந்த நல்லவற்றை, புகழ்ச்சியாக அல்லாமல் நிகழ்ச்சிகளாக எழுதிய கடிதம் ஒன்றை முன்பே தயாராக வைத்திருந்து, புதியவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். 'என்றும் உன்னோடு இருப்பேன்' போன்ற வரி எதுவும் அதில் வேண்டாம்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகளிடம் என் கைபேசி எண்ணைக் கொடுப்பதில் தவறு என்ன? இத்தனை ஆண்டு உறவை ஒரு தேதியில் அறுத்துவிட முடியுமா?

பதில்: இன்னும் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நள்ளிரவில் ஒரு பிள்ளை உங்களை அழைத்துத் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால், உங்களிடம் இப்போது வழக்குக் கோப்பு இல்லை, மருத்துவரை அனுப்பும் அதிகாரம் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டதால் அந்தப் பிள்ளை பணியில் இருப்பவரிடம் சொல்லாமலும் போகலாம். அதோடு, பொறுப்பு ஏதுமில்லாத பெரியவர் ஒருவர் சிறுவருடன் யாருக்கும் தெரியாமல் தொடர்பு வைத்திருப்பது எந்தக் காரணத்துக்காக நடந்தாலும் தவறான முன்மாதிரி. அந்த வழியைத் தீய நோக்கத்தோடு பயன்படுத்துவோரும் இதே சொற்களைத்தான் சொல்வார்கள்.

ஆனால் உறவை அறுக்கத் தேவையில்லை. இல்லத்தின் முகவரிக்கு, நிர்வாகத்துக்குத் தெரியும்படி, குறிப்பிட்ட நாட்களில் கடிதம் எழுதலாம் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எழுதுவதாகச் சொன்னால் எழுதியே தீர வேண்டும். ஆண்டுக்கு ஒன்று என்று சொல்லி ஒன்றை எழுதுவது, மாதம் ஒன்று என்று சொல்லி மூன்றாவது மாதத்தில் நிறுத்திவிடுவதைவிட மேலானது. வயது வந்து, வெளியேறி, வேலையில் அமர்ந்து, தாமாகத் தேடிவரும் பழைய பிள்ளைகளின் செய்தி வேறு. அவர்கள் வந்தால் தாராளமாகப் பேசுங்கள்.

கேள்வி: நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வுபெற்றேன். வேலையில் இருந்தபோது எழாத கேள்வி இப்போது தூங்கவிடாமல் செய்கிறது. நான் கண்காணித்தவர்களில் ஒருவன் கொலை வழக்கில் சிறையில் இருக்கிறான். ஒரு பெண் போதைப் பழக்கத்தால் இறந்துவிட்டாள். பெரும்பாலோர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று என் தந்தை அப்போதே சொன்னார். என் உழைப்பெல்லாம் வீண்தானா?

பதில்: ஆறுதலுக்காக எதையும் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. எனவே கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஆலோசகர்கள், வீட்டுச் சந்திப்புகள், பாடத்தில் உதவி, கோடைக்கால முகாம்கள் என்று சராசரியாக ஐந்து ஆண்டுகள் உதவினார்கள். மறுபாதியினரை அப்படியே விட்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களின் நிலை மேம்பட்டிருக்கவில்லை. சில அளவைகளில் உதவி பெறாதவர்களைவிட மோசமாகவும் இருந்தது. உதவி பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரோ அந்தத் திட்டம் தங்களுக்குப் பயன்பட்டதாகவே கூறினார்கள். சிக்கலில் இருக்கும் பிள்ளைகளை முகாம்களில் ஒன்றுசேர்த்தது அவர்களுக்குள் தவறான செல்வாக்கை வளர்த்திருக்கலாம் என்று மெக்கார்டும் மற்றவர்களும் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். நல்லெண்ணம் மட்டுமே நல்ல விளைவைத் தந்துவிடாது என்பதற்கு நம் துறையில் இதைவிட வலுவான சான்று கிடையாது. பழைய பிள்ளைகள் வந்து நன்றி சொல்வதைக் கொண்டும் கணக்குப் பார்க்க முடியாது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது.

இப்போது மறுபக்கம். 1955-இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடுவயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் மனநோய், குடி, பிறப்பிலேயே சிக்கல் என்று பல இடர்கள் ஒருசேரச் சூழ்ந்திருந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் எந்தப் பெரிய கோணலும் இல்லாமல் வளர்ந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மற்ற இரண்டு பங்கினரின் கதைதான். பதின்வயதில் தடம் புரண்டவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளிலும் நாற்பதை எட்டும் வேளையிலும் நிலைபெற்றுவிட்டார்கள். அவர்களைத் தாங்கிய காரணிகளில் ஒன்று, பெற்றோருக்கு வெளியே அக்கறை காட்டிய ஒரு பெரியவர். பாட்டியோ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ யாராகவும் அவர் இருக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பெரியவர் நீங்களாகவே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

உங்கள் தந்தை சொன்ன பழமொழிக்கும் ஆய்வில் பதில் உண்டு. 1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும் பிறந்து, சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட 500 சிறுவர்களைப் பற்றிய பழைய ஆவணங்களை எடுத்துக்கொண்டு, ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் அவர்களின் வாழ்க்கையை எழுபது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். ஐந்தில் மட்டுமல்ல, பதினைந்திலும் வளையாதவர்கள் அவர்கள். ஆனாலும் அனேகமாக எல்லோரும், சிலர் முன்பாகவும் சிலர் மிகப் பிந்தியும், குற்றத்தைக் கைவிட்டார்கள். நிலையான வேலை, நல்ல திருமணம், இராணுவப் பணி ஆகியவை திருப்புமுனைகளாக அமைந்தன. சிறுவயதுப் பின்னணியைக் கொண்டு யார் எப்போது திருந்துவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதாவது, உங்கள் கண்காணிப்புக் காலம் முடிந்த நாளில் ஒரு பையன் இருந்த நிலையை அவன் வாழ்க்கையின் முடிவாக எழுதிக்கொள்ள உங்களுக்கு உரிமையில்லை.

பெரும்பாலோர் என்ன ஆனார்கள் என்று தெரியாத வேதனைக்குத் தனியாக ஒரு வார்த்தை. இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாதவர்களுக்காக ஏங்கும் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், தெளிவற்ற இழப்பு என்று இந்நிலைக்குப் பெயரிட்டார். இதற்கு முடிவு தேடி அலைவது வேதனையைக் கூட்டும் என்றும், தெரியாமையோடு வாழப் பழகுவதே இயலக்கூடியது என்றும் அவர் சொல்கிறார். பழைய கோப்பில் இருந்த பெயர்களைச் சமூக ஊடகங்களில் தேடிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வந்திருக்கும். தேடாதீர்கள். தன் பழைய வாழ்க்கையை யாரிடமும் சொல்லாமல் ஒருவன் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம். நீங்கள் அனுப்பும் நட்பு அழைப்பே அவனுக்குப் பேரிடியாகலாம்.

இறந்துபோன அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். உறவினர் அல்லாததால் துக்கம் காக்க உங்களுக்கு இடம் கிடைத்திருக்காது. மறுநாளே வேறொரு கோப்பைத் திறந்திருப்பீர்கள். தூக்கம் வராத இரவுகளில் எழும் கேள்வி உழைப்பைப் பற்றியதா, அவளைப் பற்றியதா என்று எண்ணிப் பாருங்கள். அவளைப் பற்றியதாக இருந்தால், அவளை அறிந்திருந்த பழைய சக ஊழியர் ஒருவரோடு உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் இளையோருக்கான நெருக்கடிக் கால உதவி மையத்திலிருந்து ஆறு மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்றார். முதல் இரண்டு மாதங்கள் மகிழ்ச்சியாக இருந்தார். இப்போது தலைமாட்டில் கைபேசியை முழு ஒலியில் வைத்துக்கொண்டு படுக்கிறார்; அழைப்பு வராவிட்டாலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து திரையைப் பார்க்கிறார். பேரன் ஒரு நாள் முகம் வாடி இருந்தால் போதும், அவனைத் தனியே உட்காரவைத்து விசாரணை தொடங்கிவிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வை ஆராய்ந்த சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1976-இல் இதைப் படிநிலைகளாக விவரித்தார். தொடக்கத்தில் தேனிலவு போன்ற ஒரு காலம், அடுத்துச் சலிப்பும் ஏமாற்றமும், அதன்பின் புதிய வாழ்க்கையை ஒழுங்குசெய்துகொள்ளும் முயற்சி, கடைசியில் ஒரு நிலைப்பாடு. எல்லோரும் இந்த வரிசையில்தான் போவார்கள் என்றில்லை. உங்கள் கணவரின் முதல் இரண்டு மாதங்களும் இப்போதைய நிலையும் இதோடு பொருந்துகின்றன.

ஆனால் கைபேசி விவகாரம் வெறும் சலிப்பு அல்ல. பல ஆண்டுகள் ஆபத்து வரும் வரும் என்று விழித்திருந்த உடல், பணி ஓய்வு ஆணையைப் படித்துப் பார்ப்பதில்லை. பிறரின் துன்பத்தை நாள்தோறும் கேட்பவர்களுக்கு அந்தத் துன்பமே தொற்றிக்கொள்வதைச் சார்ல்ஸ் ஃபிக்லி 1995-இல் கருணைச் சோர்வு என்ற பெயரில் விளக்கினார். அதற்கு முன்பே, 1974-இல், பணிக் களைப்பில் எரிந்து தீர்ந்துபோகும் நிலையைப் பற்றி எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கின் இலவச மருத்துவ மையத்தில் தம்மோடு உழைத்த தொண்டர்களிடமும் தம்மிடமும்தான் அதைக் கண்டார். இந்த நிலைகள் பணியில் இருக்கும்போது வேலையின் பரபரப்பில் மறைந்து கிடந்து, ஓய்வில் வெளிப்படுவது உண்டு.

கைபேசியைப் பிடுங்கி வைக்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். அவரது மையத்தில் இப்போது இரவுப் பணி யாருடையது என்று அவரையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். வேறொருவர் விழித்திருக்கிறார் என்பது பெயரோடு தெரிந்தால் பலருக்குப் பதற்றம் தணிகிறது. பிறகு கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே, ஒலி கேட்கும் தொலைவில் வைக்கலாம். சில வாரங்கள் கழித்து ஒலியைக் குறைக்கலாம். கெட்ட கனவு, திடீர்க் கோபம், எதிலும் பிடிப்பின்மை ஆகியவையும் சேர்ந்திருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவரே எத்தனையோ பெற்றோருக்குச் சொன்ன அறிவுரைதான் அது.

பேரன் விஷயத்தில் நீங்கள் கறாராக இருக்கலாம். அவனுக்குத் தேவை தாத்தா, ஆலோசகர் இல்லை. முகவாட்டம் எல்லாமே நெருக்கடியின் அறிகுறி என்று வளரும் பிள்ளைக்குத் தோன்றிவிட்டால், அடுத்த முறை அவன் முகத்தை மறைத்துக்கொள்வான். இருவரும் சேர்ந்து செய்யும்படியான வேலை ஏதாவது கொடுங்கள். மிதிவண்டியைக் கழற்றி மாட்டுவதுபோல, கைகளுக்கு வேலையும் கண்களுக்கு வேறு இலக்கும் இருக்கும் வேலையாக இருந்தால் நல்லது.

கேள்வி: என் அனுபவங்களை நூலாக எழுத நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. பெயரை மாற்றினாலும் அந்தப் பிள்ளை தன்னை அடையாளம் கண்டுகொள்ளும். அதன் உறவினரும் ஊராரும் கண்டுகொள்வார்கள். 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 40-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட குழந்தையின் அந்தரங்கம் நடவடிக்கைகளின் எல்லாக் கட்டங்களிலும் காக்கப்பட வேண்டும் என்கிறது. நீங்கள் ஓய்வுபெற்றதால் அந்தக் கடமை ஓய்வுபெற்றுவிடாது. ஆனால் எழுதாமல் இருக்கவும் வேண்டாம். முதல் சந்திப்பை எப்படித் தொடங்கினீர்கள், நீதிமன்றத்துக்கான அறிக்கையில் எந்தச் சொல்லைத் தவிர்த்தீர்கள், வன்முறையில் இறங்கிய பிள்ளையிடம் எந்தத் தொலைவில் நின்றீர்கள் என்ற தொழில் நுணுக்கங்கள் உங்களோடு போய்விடக் கூடாது. கதைநாயகர்கள் இல்லாத அத்தகைய நூல் குறைவாகவே விற்கும். புதிதாக வேலைக்கு வருபவர் அதை மேசையிலேயே வைத்திருப்பார்.

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகள் ஓர் இல்லத்தில் பணியாற்றி, எல்லோராலும் 'அம்மா' என்று அழைக்கப்பட்டவர் ஓய்வுபெற்றார். அவர் இடத்துக்கு நான் வந்திருக்கிறேன். எதைச் செய்தாலும் 'அம்மா இப்படிச் செய்ய மாட்டாங்க' என்கிறார்கள் பிள்ளைகள். அவரைப் போலவே நடந்துகொள்ளட்டுமா, அல்லது எல்லாவற்றையும் மாற்றிவிடட்டுமா?

பதில்: முதல் சில மாதங்கள் எதையும் மாற்ற வேண்டாம், மாற்றியே ஆக வேண்டியது பிள்ளைகளின் பாதுகாப்பைத் தொட்டதாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அவரைப் போல நடிக்கவும் வேண்டாம், பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். 'அம்மா இப்படிச் செய்ய மாட்டாங்க' என்று சொல்லும் பிள்ளையிடம், 'அவங்க எப்படிச் செய்வாங்க, சொல்லு' என்று கேளுங்கள். அதில் இரண்டு பயன்கள் உண்டு. போனவரைப் பற்றிப் பேச அவர்களுக்கு இடம் கிடைக்கும், உங்களுக்கோ கோப்புகளில் இல்லாத நடைமுறைகள் தெரியவரும்.

அவர் எந்தக் குறையும் இல்லாதவர் என்று பேச்சு வளர்ந்தால் மறுக்காதீர்கள். கொஞ்சக் காலம் கழித்து அவர்களே அவர் மீதுள்ள கோபத்தையும் உங்களிடம் சொல்வார்கள். அப்போதும் அவரைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். இந்தக் காலத்தில் நீங்கள் விடுப்பு எடுக்க நேர்ந்தால், ஒரே ஒரு நாள் என்றாலும், முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்பும் நாளையும் சொல்லி, அந்த நாளில் காலையிலேயே வந்துவிடுங்கள்.